உட்கார்ந்தே வாங்கிய லிஃப்ட்

கையுறைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலையை விட்டு வெகுகாலம் ஆன பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. கடைத்தெருவில் பழைய கூட்டாளி யாராவது எதிர்ப்பட்டால், "என்ன சூப்பர்வைசரம்மா, சௌக்கியமா?" என்பார்கள். வீட்டில் கணவரும் அப்படித்தான் கூப்பிட்டார். முதலில் கிண்டலுக்கு, பிறகு வாய்ப்பழக்கத்தில்.

நீண்ட மேசையில் ரப்பர் கையுறைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகக் காற்றடித்துப் பார்த்து, ஓட்டை உள்ளதை ஒதுக்கி, மற்றதை ஜோடி சேர்ப்பது அந்தப் பிரிவின் வேலை. மேசைக்கு இருபுறமும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவள் நின்றுகொண்டிருப்பாள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் வந்து நின்றாலே பேச்சு அடங்கி வேலை ஓடும்.

அவள் வேலையை விட்ட கையோடு, வெல்டராக இருந்த கணவருக்குப் பக்கவாதம் வந்தது. அதிலிருந்து அவர் கட்டிலும் அவளுமாகக் காலம் போயிற்று. புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டி விழுங்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருந்தது. ஒரு காலைப்பொழுது, மகன் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, ஒரு கன்னத்தில் நுரையோடு அவர் போய்விட்டார். அவள்தான் அந்த நுரையைத் துடைத்தாள். ஆகவேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். அழுகை மட்டும் வரவில்லை.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கல்நெஞ்சு என்றாள் நாத்தனார். அதிர்ச்சி, உள்ளுக்குள் போட்டுப் புழுங்குகிறாள் என்றார் கொழுந்தன். இரண்டும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கால் மரத்துப்போனால் எப்படி இருக்கும்? நம் கால்தான், ஆனால் தொட்டுப் பார்த்தால் யாருடையதோ போல இருக்கும். அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. நாள் முழுக்கவும் அப்படி இருந்தது. குத்தினால்கூட வலிக்காது போல. ஆனால் குத்திப் பார்க்கவும் யாரும் இல்லை.

சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. காலையில் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பும்போது அதில் உட்கார்வாள். அவர்கள் மாலையில் திரும்பும்போதும் அதில்தான் இருப்பாள். நடுவில் எழுந்து சாப்பிட்டிருப்பாள், துணி மடித்திருப்பாள், பாத்திரம் கழுவியிருப்பாள். வீடு துப்புரவாக இருக்கும். ஆனால் நாற்காலியை விட்டு அசையாத மாதிரியே இருக்கும் அவளைப் பார்த்தால். மகன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அங்கே வந்த ஒரு பெண், வார்டு அலுவலகத்தை ஒட்டி முதியோர் மன்றம் ஒன்று தொடங்கியிருப்பதாகச் சொன்னாள். மருமகள் இரண்டு நாள் யோசித்து, வார்த்தையை அளந்து அளந்து பேச்சை எடுத்தாள்.

"அத்தை, மன்றம்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்களாம். சும்மா ஒரு நாள் போய்த்தான் பாருங்களேன்."

"சரி."

மருமகள் மேற்கொண்டு சொல்வதற்காக நாலு காரணங்களைத் தயாராக வைத்திருந்தாள். அத்தனையும் வீணாயிற்று.

"பிடிக்கலைன்னா வேண்டாம், அத்தை. கட்டாயம் ஒண்ணும் இல்ல."

"பிடிக்கலைன்னு நான் சொல்லலையே."

"பிடிச்சிருக்குன்னும் சொல்லலையே."

"போகச் சொன்னே. போறேன்."

போவதும் போகாததும் அவளுக்கு ஒன்றாக இருந்தது. ஒன்றாக இருக்கும்போது, அந்தப் பெண்ணின் மனம் கோணாமல் இருக்கட்டுமே என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மன்றம் ஒரு நீளமான அறை. சுவரெல்லாம் வெளிர் பச்சை. மடக்கு நாற்காலிகள், ஒரு தண்ணீர் இயந்திரம், மூலையில் கேரம் பலகை. பெரிய எழுத்தில், 'முதுமையும் ஒரு வசந்தமே' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் சின்ன வயதுப் பெண். கழுத்தில் விசில் தொங்கும். யார் என்ன செய்தாலும் "அருமை, அருமை" என்பாள். கையைத் தூக்கினால் அருமை. இறக்கினால் அதைவிட அருமை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் உடற்பயிற்சியில் முன்னாள் தபால்காரர் ஒருவர் பாதியில் தூங்கிவிட்டார். "ரிலாக்ஸ் ஆயிட்டார், அருமை" என்றாள்.

நல்ல பெண்தான். மனதாரச் செய்தாள். ஆனால் அவள் கைதட்டச் சொன்னபோது சூப்பர்வைசருக்குத் தன் இரண்டு கைகளும் மேசையில் கிடக்கும் பழைய கையுறை ஜோடி ஒன்றைப் போலத் தெரிந்தன. தட்டினாள். சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். அவருக்கு வாய் ஓயாது. "நீங்க ஏன் பேசவே மாட்டேங்கறீங்க?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நீங்க பேசறீங்களே."

"நான் பேசறதால நீங்க பேசக்கூடாதா?"

"ரெண்டு பேரும் பேசினா யார் கேக்கறது?"

நர்ஸம்மா அதை வெகுவாக ரசித்து, அறையிலிருந்த எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தார். அப்படித்தான் சூப்பர்வைசர் நன்றாகக் கேட்பவள் என்று பேர் பரவியது. ஒருங்கிணைப்பாளர் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இங்க வர முடியாதவங்க நெறைய பேர் இருக்காங்க. தனியா இருக்கறவங்க. தினமும் காலைல அவங்களுக்கு ஒரு போன் பண்ணி, எப்படி இருக்கீங்கன்னு கேக்கணும். வீட்லேருந்தே பண்ணலாம். செய்வீங்களா?"

"சரி."

"அருமை."

அந்த வேலை அவளுக்குச் சிரமமாக இல்லை. முட்டிவலி, மருமகனின் குடி, மேல்வீட்டுக் குழாய் ஒழுகுவது, எல்லாவற்றையும் கேட்டாள். எதுவும் உள்ளே இறங்கவில்லை. அதனால் களைப்பும் இல்லை. மறுமுனையில் இருந்தவர்களோ, இவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டதில்லை என்று மன்றத்துக்குப் போன் போட்டுப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைச் சொன்னபோதும் அவள் சரி என்றாள்.

ஒரே ஒருவர் மட்டும் பேசமாட்டார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் தனியாக இருந்தார்.

"வணக்கம். மன்றத்துலேருந்து பேசறேன். எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்."

டக்கென்று வைத்துவிடுவார். மறுநாளும் இருக்கேன். அதற்கு மறுநாளும் இருக்கேன். அவளுக்கு அது சௌகரியமாக இருந்தது. ஒரு நாள் மட்டும், "இருக்கேன். இன்னிக்கு லேட்டு" என்றார். குளித்துவிட்டு வந்து போன் செய்ததில் சற்றுத் தாமதம் ஆகியிருந்தது. வாழ்நாளெல்லாம் பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று குறித்த மனிதர். சரி என்று சொல்லி, அடுத்த நாளிலிருந்து முதலில் அவருக்கே போன் செய்தாள்.

ஒரு நாள் காலை அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. இரவு தூங்காமலும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து போனை மடியில் வைத்திருந்தாள். விரல் போகவில்லை. ஏன் என்று கேட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவே போன் அடித்தது. அது எங்கேயோ யார் வீட்டிலோ அடிப்பது போலக் கேட்டது. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அதையும் விட்டுவிட்டாள்.

முற்பகலில் தெருவில் ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. படியில் தடதடவென்று காலடிகள். கதவை யாரோ குத்தினார்கள்.

"உள்ள யாரும் இருந்தா தள்ளி நில்லுங்க. கதவை உடைக்கப் போறோம்."

அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். தீயணைப்புக்காரர்கள் மூன்று பேர் கோடாலியும் கையுமாக நின்றார்கள். பின்னால் அக்கம்பக்கத்துக்காரர்கள் அத்தனை பேரும்.

"எதுக்கு உடைக்கறீங்க? தாழ்ப்பாளே போடலையே," என்றாள்.

கோடாலிக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. தலைவர் போல இருந்தவர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"யாரோ ஒரு பெரியவரும்மா. காலைலேருந்து எங்களை வாட்டி எடுத்துட்டாரு. அந்தம்மா ஒரு நாள்கூடத் தவறினது கிடையாது, என்னமோ ஆயிடுச்சு, போய்ப் பாருங்கன்னு. ஒரு தடவை இல்ல, போனை வைக்க வைக்கத் திரும்பப் பண்றாரு. மன்றத்துப் பொண்ணுகிட்ட விலாசம் வாங்கி அவரே சொல்றாரு."

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

மூன்று பேரும் குடித்தார்கள். கூட்டம் கலைந்தது. யாரோ சொல்லி மகனும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். வந்தவன், அவள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"நான்தான். இருக்கேன்."

மறுமுனையில் மூச்சு இரைத்தது.

"ஏன் போன் பண்ணல?"

"தெரியல."

"உடம்பா?"

"இல்ல. பண்ணத் தோணல."

"எனக்கும்தான் எத்தனையோ நாள் எடுக்கத் தோணல," என்றார் டைம்கீப்பர். "எடுத்தேன் இல்ல?"

போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அது நியாயமாகவும் இருந்தது. நெடுநாளாக யாரும் அவளைக் குறை சொன்னதில்லை. பாவம் என்று விட்டுவிடுவார்கள்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் வேறொரு சேதி சொன்னாள். தீயணைப்பு நிலையத்தில் முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். டைம்கீப்பர் தானே கிளம்பிவிட்டாராம். இரண்டு மாடி இறங்குவதற்குள் மூட்டு மடங்கி, மூச்சு வாங்கி, படிக்கட்டின் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். மேலே போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. அங்கே இருந்துகொண்டேதான் போனில் எல்லோரையும் பிடிபிடியென்று பிடித்திருக்கிறார். கடைசியில் இரண்டாம் மாடிக் குடித்தனக்காரர் அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டாராம்.

அன்று மாலை அவள் அந்தக் கட்டடத்துக்குப் போனாள். லிஃப்ட் கதவில், 'பழுது' என்று ஒரு தகடு தொங்கியது. தகடே துருப்பிடித்திருந்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினாள். கதவு திறந்திருந்தது. ஒல்லியான, நெடிய மனிதர் கைப்பிடிக் கழியோடு நின்றார். படியில் வந்த சத்தத்தை வைத்தே யாரோ மேலே வருவதைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

"மூணாவது மாடில ரொம்ப நேரம் நின்னீங்க," என்றார்.

"மூச்சு வாங்கிச்சு."

"வாங்கும்."

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலோரம் கயிறு கட்டிய கூடை. கீழேயிருந்து பால், காய்கறி, மருந்து எல்லாம் அந்தக் கூடையில்தான் ஏறிவந்தன. லிஃப்ட் நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதன்பிறகு அவர் தெருவில் கால் வைக்கவில்லை. மனைவி இறந்து வெகுகாலம். பிள்ளைகள் இல்லை. அக்கா மகன் நினைத்துக்கொண்டால் வருவான்.

மேசையில் மன்றத்தின் நோட்டீஸ் ஒன்று இருந்தது. அதன் மேல் தண்ணீர்ச் சொம்பு வைத்த வட்டம். 'வெளியே வாருங்கள், உலகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று அச்சடித்திருந்தது.

"இதைப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன். காத்திருக்கற உலகத்தைக் கொஞ்சம் மேல ஏறி வரச் சொல்லுங்க."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. இருட்டுவதற்குமுன் இறங்க வேண்டும் என்று எழுந்துகொண்டாள். நேற்றைக்குச் செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமென்று வந்திருந்தாள். சொல்லவில்லை என்பது கீழே இறங்கிய பிறகே நினைவுக்கு வந்தது. மறுபடி ஏற முடியாது.

அந்த வாரத்திலேயே மன்றத்தில் ஒரு கூட்டம் நடந்தது. வார்டு அதிகாரி வந்திருந்தார். மூத்தோர் சமூகத்தின் சொத்து, அவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது, அவர்களுக்கு ஊக்கம் கொடுப்பதே நம் நோக்கம் என்று நன்றாகவே பேசினார். பேசி முடித்து, யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். வழக்கமாக நர்ஸம்மாதான் எழுவார். அன்று சூப்பர்வைசர் எழுந்ததும் அறையில் சலசலப்பு அடங்கிற்று.

"நாலாவது மாடில ஒருத்தர் இருக்காரு," என்றாள். "அவருக்கு ஊக்கம் இருக்கு. லிஃப்ட்தான் இல்ல."

உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி கோபிக்கவில்லை. எந்தக் கட்டடம் என்று விசாரித்தார். தனியார் கட்டடம், வாடகைக்கு விட்டிருப்பது, சொந்தக்காரருக்கு அலுவலகமே இரண்டு முறை கடிதம் எழுதியிருக்கிறது, அதற்குமேல் கையைக் கட்டிப்போட்ட நிலைதான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"அவங்க ஆபீஸ் எங்க இருக்கு?" என்றாள் அவள்.

மறுநாள் காலை நர்ஸம்மாவும் தபால்காரரும் கூடவே கிளம்பினார்கள். அவள் கூப்பிடவில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

கட்டடச் சொந்தக்காரரின் அலுவலகம் குளுகுளுவென்று இருந்தது. நல்ல சோபாக்கள். வரவேற்பு மேசையில் ஒரு பெண். முதலாளி வெளியே போயிருப்பதாகவும் அடுத்த வாரம் வரலாம் என்றும் சொன்னாள்.

"சரிம்மா. உக்காந்திருக்கோம்."

"அடுத்த வாரம் வரைக்குமா?"

"எங்களுக்கு வேற வேலை இல்ல."

அது உண்மை. மிரட்டல் அதில் துளியும் இல்லை. மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் விளக்கை அணைக்கும்போது எழுந்து வணக்கம் சொல்லிப் போனார்கள். மறுநாள் கதவு திறந்ததும் வந்தார்கள். மூன்றாம் நாள் கேரம் பலகைக் கோஷ்டியும் சேர்ந்துகொண்டது. சோபா நிறைந்து, வாடகை விஷயமாக வந்தவர்கள் நிற்க வேண்டியதாயிற்று. யாரும் கோஷம் போடவில்லை. அட்டை பிடிக்கவில்லை. தபால்காரர் வழக்கம்போலத் தூங்கினார். நர்ஸம்மா வரவேற்புப் பெண்ணின் தலைவலியை விசாரித்து, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சூப்பர்வைசரின் மருமகள் வேலை பார்க்கும் கடைக்கு வழி சொல்லி அனுப்பினார்.

முதலாளி பின்வாசல் வழியாக வந்துபோய்க்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர். முதலில் லிஃப்டைப் பார்க்க ஆள் அனுப்பலாம், அடுத்த மாதம் ஆகட்டும் என்று தண்ணி காட்டினார். "சரிங்க" என்று அப்படியே இருந்தார்கள். பிறகு போலீஸுக்குச் சொன்னார். கான்ஸ்டபிள் வந்தார்.

"என்ன பண்றீங்க இங்க?"

"உக்காந்திருக்கோம்," என்றாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எழுதிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. முதலாளியிடம் போய், பெரியவங்க, தொட்டா எனக்குத்தான் கெட்ட பேரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து மகனுக்குப் போன் போயிற்று. அன்றிரவு சாப்பாட்டின்போது அவன் பொரிந்து தள்ளினான்.

"என்னம்மா இது? எங்க ஆபீஸுக்கே போன் பண்ணி, உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போங்கங்கறான். என் மானத்தை வாங்கணுமா?"

மருமகள்தான் வாயைத் திறந்தாள்.

"அம்மா சும்மா உக்காந்திருக்காங்கன்னு நீங்கதானே ராத்தூக்கம் இல்லாம கவலைப்பட்டீங்க. இப்பவும் உக்காந்துதானே இருக்காங்க."

மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மறுநாள் காலை வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டுபோய் அந்த அலுவலக வாசலில் இறக்கிவிட்டான்.

ஒருங்கிணைப்பாளரும் கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தாள். "அம்மா, நீங்க சமூகத்துல கலந்துக்கணும்னு நாங்க சொன்னது வாஸ்தவம்தான். ஆனா நாங்க நெனச்சது பாட்டு, கைவேலை, செடி வளக்கறது, அந்த மாதிரி..."

"நீயும் உக்காரும்மா. ரொம்ப நேரமா நிக்கறே," என்றாள் சூப்பர்வைசர். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அன்றைக்கு விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், உள்பக்கக் கதவைத் திறந்துகொண்டு மிகவும் வயதான ஒருவர் மெல்ல வந்தார். வேலைக்காரர் ஒருவர் கையைப் பிடித்திருந்தார். வரவேற்புப் பெண் பதறி எழுந்தாள். முதலாளியின் அப்பா. அந்தக் கட்டடங்களையெல்லாம் கட்டியவர். மேல்தளத்தில்தான் வீடு. தொழில் மகன் கைக்குப் போன பிறகு கீழே இறங்குவதில்லை.

"நம்ம வயசுக்காரங்க தினமும் வந்து உக்காந்திருக்காங்கன்னு இவன் சொன்னான். யாருன்னு பாக்கலாம்னு வந்தேன்," என்றார், கையைப் பிடித்திருந்தவரைக் காட்டி.

தபால்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். பெரிய முதலாளி உட்கார்ந்தார். என்ன விஷயம் என்று கேட்டார். அவள் நான்கைந்து வாக்கியத்தில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த லிஃப்டை நான்தான் போட்டேன். அந்தத் தெருவுலேயே முதல் லிஃப்ட். பாக்கறதுக்குன்னு ஆளுங்க வருவாங்க," என்றார். பிறகு, "ஆனா இப்ப எதுவும் என் கைல இல்லம்மா. என்னை யாரும் கேக்கறதில்ல. நான் சொன்னாலும், நீங்க ரெஸ்ட் எடுங்கப்பாங்கறான்" என்றார்.

"பரவால்லைங்க," என்றாள் அவள்.

போய்விடுவார் என்று நினைத்தார்கள். போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மேலே போய்விட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். நர்ஸம்மாவின் கதைகளைக் கேட்டு, இருமல் வருமளவுக்குச் சிரித்தார். அடுத்த நாள், வரவேற்புப் பெண்ணிடம், "நீயே போய்ச் சொல்லும்மா. நாலாவது மாடிக்காரருக்காக ஒருத்தர் முதலாளியைப் பாக்கணும்னு வந்திருக்காரு, பேரு கேட்டா அப்பான்னு சொல்லு" என்றார்.

அந்தப் பெண் உள்ளே போனாள். வெகுநேரம் திரும்பவில்லை. பிறகு முதலாளியே முன்வாசல் வழியாக வந்தார். தன் அப்பா வரிசையோடு வரிசையாக உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்திருப்பதைப் பார்த்தார்.

"அப்பா, மேல வாங்க."

"காத்துட்டிருக்கேன்ப்பா. இவங்க எனக்கு முன்னாடி வந்தவங்க. இவங்களை முதல்ல பாரு."

முதலாளிக்குக் கோபம் வந்தது போல இருந்தது; பிறகு வேறு ஏதோ வந்தது போல இருந்தது. எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மோட்டார் முழுக்கப் போய்விட்டது, அந்த ரகம் இப்போது கிடைப்பதில்லை, வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார். பொய்யில்லை. ஆனால் அது இரண்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய பதில் என்பது அவருக்கும் தெரிந்தது. ஆர்டர் போடுவதாக அப்பாவைப் பார்த்துச் சொன்னார். பெரிய முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"வர்ற வரைக்கும் நாங்க வந்துட்டிருக்கோம்," என்றாள்.

மோட்டார் வந்து சேர மழைக்காலம் ஆகிவிட்டது. அதுவரை முறைவைத்துக்கொண்டு தினம் இரண்டு பேர் வந்தார்கள். யாரும் வராத நாளில் பெரிய முதலாளி தனியாக உட்கார்ந்திருந்தார். அவள் காலையில் போன் செய்யும்போதெல்லாம் சேதி சொன்னாள்: இன்றைக்குக் கம்பி மாற்றுகிறார்களாம், இன்றைக்குக் கதவாம். டைம்கீப்பர், "ம்" என்பார். ஒரு நாள், "நீங்க ஏன் இவ்வளவு அலையறீங்க?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். அவருக்காக என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. தனக்காக என்றால் அதுவும் இல்லை.

"காலைல எழுந்தா போறதுக்கு ஒரு இடம் இருக்கு. போறேன்," என்றாள்.

"அது போதும்," என்றார் அவர்.

லிஃப்ட் ஓடத் தொடங்கிய அன்று நர்ஸம்மா ஊரையே கூட்டிவிட்டார். ஒருங்கிணைப்பாளர், தபால்காரர், வரவேற்புப் பெண், பெரிய முதலாளி எல்லோரும் கீழே நின்றார்கள். சூப்பர்வைசர் மட்டும் மேலே போனாள். டைம்கீப்பர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"கீழ நெறைய பேரா?"

"கொஞ்சம் பேர்."

"கைதட்டுவாங்களா?"

"தட்டுவாங்கன்னு நெனைக்கறேன்."

"அப்ப நான் வரலை."

அவள் கைப்பிடிச் சுவருக்குப் போய் எட்டிப் பார்த்து, கீழே நின்றவர்களிடம், யாரும் கைதட்ட வேண்டாம் என்றாள். தொழிற்சாலை மேசையருகே பேசும் அதே குரல். கீழே சத்தம் அடங்கிற்று. உள்ளே வந்து, தட்டமாட்டார்கள் என்றாள். அவர் எழுந்தார்.

கதவு மூடி, பெட்டி ஒருமுறை குலுங்கி, இறங்கத் தொடங்கியது. அவர் கண்களை மூடிக்கொண்டார். கழியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். கீழே கதவு திறந்தபோது நின்றவர்கள் அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வழிவிட்டார்கள். நர்ஸம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

டைம்கீப்பர் தெருவுக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். முதல்நாள் மழையில் தெரு இன்னும் ஈரமாக இருந்தது. எதிரே இருந்த பூட்டுக்கடை போய்ச் செல்போன் கடை வந்திருந்தது. அவர் கீழே குனிந்து தன் கால்களைப் பார்த்தார். வீட்டுக்குள் போடும் துணிச்செருப்பு. ஓரம் ஈரத்தை உறிஞ்சிக் கறுத்துக்கொண்டிருந்தது.

"வெளில போடற செருப்பு எதுவும் இப்ப காலுக்குப் பத்தலை. வீங்கிப்போச்சு," என்றார்.

"தெருமுனைல கடை இருக்கு."

"நடக்கணுமே."

"மெதுவா நடக்கலாம்."

நடந்தார்கள். மற்றவர்கள் பின்தொடரப் பார்த்தார்கள். ஒருங்கிணைப்பாளர்தான் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். கடைக்குள் அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். கடைக்காரர் தரையில் குத்துக்காலிட்டு, பழைய அளவைச் சொன்னவரின் பாதத்தைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஒன்று இறுக்கியது, ஒன்று கழன்றது. இடதுகாலுக்குச் சேர்வது வலதுகாலுக்குச் சேரவில்லை. டைம்கீப்பர் ஒவ்வொன்றையும் போட்டு எழுந்து, இரண்டடி வைத்து, ஒரு குறை சொல்லி, உட்கார்ந்தார். இத்தனை குறை சொல்ல அவரிடம் பேச்சு இருந்தது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் அவருடைய கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. துக்கமும் இல்லை. இந்தக் கடையில் சரிவராது, சந்தைப் பக்கம் வார் வைத்து இறுக்கித் தளர்த்துகிற மாதிரி விற்பார்கள், அங்கே கூட்டிப் போக வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதும் ஆட்டோவுக்காக வாசலுக்குப் போய்க் கையை நீட்டினாள்.